வெளியிடலாமா, பொறுக்கலாமா?



ரெங்கம் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்திற்குப் போனாலும், இன்று கைத்தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும், வங்கியில் சம்பளம் விழுந்துவிட்டதா என்று பார்ப்பதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும் அதில்தான். சில வீடுகளில் பழைய கணினி ஒன்றும் இருக்கும். இந்தக் கருவிகளில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு வருகிறது: “புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா?” நாம் சற்றுத் தயங்குவோம். பிறகு மகனையோ மகளையோ கூப்பிட்டுக் கேட்போம்.

அந்தக் கேள்வி நம்மிடம் வருவதற்கு முன்னால், எங்கோ சிலர் வேறொரு கேள்வியைக் கேட்டு முடித்திருக்க வேண்டும். “இது மக்கள் கைக்குப் போகலாமா? இன்னும் சில நாள் பொறுக்க வேண்டுமா?” அதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. கணினி படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். இதே கேள்வியை நமக்கு அருகிலேயே, செம்பனைக் காட்டிலே, ஒரு சின்னஞ்சிறு வண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

ரெங்கத்திலிருந்து இருப்புப்பாதை வழியே வடக்கே போனால் குளுவாங் வரும். அங்கே பாமோல் தோட்டம் இருக்கிறது. செம்பனையில் ஆண் பூங்கொத்து வேறு, பெண் பூங்கொத்து வேறு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். 1970ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் அந்த மகரந்தத்தை மனிதர்களே சேகரித்து, மாவுப் பொடியோடு கலந்து, ஊதுகருவியால் பெண் பூங்கொத்தில் தூவி வந்தார்கள். அந்த வேலைக்காகவே ஆட்கள் நிரை நிரையாக நடந்த காலம் அது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் செம்பனையின் தாயகமாகிய மேற்கு ஆப்பிரிக்காவில் யாரும் ஊதுவதில்லை. காய் நன்றாகவே பிடிக்கிறது. ஏன் என்று ஆராய ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் 1977ஆம் ஆண்டில் கேமரூன் நாட்டுக்குப் போனார். ஆண் பூங்கொத்தில் வாழும் ஒரு சிறு வண்டு மகரந்தத்தைச் சுமந்து சென்று பெண் பூவில் சேர்க்கிறது என்று கண்டறிந்தார்.

வண்டு வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. உடனே பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவந்து பறக்கவிட்டிருக்கலாம் அல்லவா? அப்படிச் செய்யவில்லை. செம்பனையைத் தவிர வேறு பயிரில் அது முட்டையிடுமா, நம் தோட்டப் பயிர்களைத் தின்னுமா, தன்னோடு வேறு நோயைக் கொண்டு வருமா என்று சோதித்தார்கள். இங்கே கொண்டுவந்த பிறகும் அடைத்து வைத்து, தனிமைப்படுத்திப் பார்த்தார்கள். அதன் பின்னரே, 1981ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் குளுவாங் பாமோல் தோட்டத்தில் வண்டுகளை வெளியே விட்டார்கள். வண்டு பரவியது, காய்ப்பிடிப்பு உயர்ந்தது, கையால் மகரந்தம் தூவும் வேலை தோட்டங்களிலிருந்து மறைந்தது.

இவ்வளவு முன்னெச்சரிக்கை ஏன்? பறக்கவிட்ட வண்டைத் திரும்பப் பிடித்துப் பெட்டியில் அடைக்க முடியாது. திரும்பப் பெற முடியாத ஒன்றை வெளியே விடுமுன், “இது வேலை செய்கிறதா?” என்று கேட்டால் போதாது, “இது வேறு என்னவெல்லாம் செய்துவிடும்?” என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு கணினிக்கு வருவோம்.

நேயர்களே, கணினியும் கைத்தொலைபேசியும் தாமாக எதையும் செய்வதில்லை. இன்னது செய், பிறகு இன்னது செய் என்று அடுக்கி எழுதிய கட்டளைகளின்படியே அவை நடக்கின்றன. அந்தக் கட்டளைத் தொகுதிக்கு மென்பொருள் என்று பெயர். பல நிறுவனங்கள் தங்கள் மென்பொருளின் கட்டளைகளை யாருக்கும் காட்டுவதில்லை. வேறு சிலர் அவற்றை எல்லோரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று திறந்து வைக்கிறார்கள். அது திறந்த மூல மென்பொருள். சமையல் செய்முறையை மறைத்து வைப்பவர், ஊருக்கே எழுதிக் கொடுப்பவர் என்று இருவகைச் சமையற்காரர் உண்டல்லவா, அதைப் போல.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கி, இப்படித் திறந்து வைத்தார். இன்று ஆண்ட்ராய்டு வகைக் கைத்தொலைபேசி ஒவ்வொன்றின் அடியிலும் அந்த லினக்ஸ்தான் இருக்கிறது. ஆகவே பெயரைக் கேள்விப்படாதவர்கள் கூட லயத்து வீட்டிலிருந்து அதை நாள்தோறும் பயன்படுத்திக் கொண்டிருக்கிறார்கள். நம் மலேசிய அரசாங்கமும் 2004ஆம் ஆண்டில் அரசு அலுவலகங்களுக்கெனத் திறந்த மூல மென்பொருள் திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழ்நாட்டிலே 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளில் பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பும் சேர்ந்தே வந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய அந்தப் பாஸ், டெபியன் என்ற பெரிய மென்பொருள் தொகுப்பின் மேல் கட்டப்பட்டது. இந்த டெபியனைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறோம்.

டெபியன் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி. அதற்கு முதலாளி இல்லை; சம்பளப் பட்டியல் இல்லை. உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வலர்கள் கூடிப் பல்லாயிரம் நிரல்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்துத் தருகிறார்கள். உத்தரவு போடும் துரை இல்லாத இடத்தில், “தயார்” என்று சொல்வது யார்? எதை வைத்துச் சொல்வது?

முதலில் அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். புதிய நிரல் எதுவும் நேரே மக்களிடம் போவதில்லை. மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதற்கட்டம் ‘நிலையற்றது’, எழுதியவர் கொண்டுவந்து போடும் இடம். அங்கே சில நாள் இருந்து, பெரிய பழுது எதுவும் தெரியவில்லை என்றால் ‘சோதனை’ என்னும் இரண்டாம் கட்டத்துக்குப் போகும். அங்கே பலரும் எடுத்துப் பயன்படுத்திப் பார்ப்பார்கள். குறித்த காலம் வந்ததும் அந்தக் கட்டத்தின் கதவை மெல்ல மெல்ல மூடுவார்கள். இதற்கு உறைநிலை என்று பெயர். அதன்பின் புதுமை எதுவும் உள்ளே வரக்கூடாது. பழுது பார்க்கும் வேலை மட்டுமே நடக்கும். எல்லாம் முடிந்த பின் ‘நிலையானது’ என்று பெயர் கொடுத்து மக்களுக்கு வெளியிடுவார்கள்.

லினக்ஸிலும் இதே போன்ற முறைதான். புதிய வேலைகளை இரண்டு வாரம் ஏற்றுக்கொள்வார்கள். பிறகு கதவை மூடி, ஒரு பதிப்பைச் சோதனைக்கு வெளியே வைப்பார்கள். ஆங்கிலத்தில் அதை ‘ரிலீஸ் கேண்டிடேட்’ என்பார்கள். வெளியீட்டுக்கு முன்நிற்கும் பதிப்பு என்று நாம் சொல்லலாம். “இதுவே இறுதிப் பதிப்பு ஆகக்கூடியது, குறை கண்டால் சொல்லுங்கள்” என்று அதற்குப் பொருள். வாரத்துக்கு ஒன்றாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு விடுவார்கள். வழக்கமாக ஏழாவதோடு நின்று, அடுத்த வாரம் உண்மையான வெளியீடு நடக்கும். கடைசி வாரங்களிலும் பழுதுகள் குறையாமல் வந்துகொண்டே இருந்தால், எட்டாவது ஒன்றும் விட்டு இன்னும் ஒரு வாரம் பொறுப்பார்கள்.

பழுது மொத்தம் எத்தனை என்பதைக் காட்டிலும், வாரத்துக்கு வாரம் அது குறைகிறதா என்பதே முக்கியம். ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இது புரியும். ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னோர் இடத்தில் கசிகிறது என்றால், வாளி இன்னும் ஆகவில்லை. மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் புதிய பழுது ஒன்றைக் கொண்டு வரலாம். அதனால்தான் கடைசி நேரத்தில் சிறு பழுதுகளைத் திருத்துவதைக்கூட நிறுத்தி வைக்கிறார்கள். எழுத்துப் பிழை ஒன்றைச் சரிசெய்யப் போய்க் கணக்குப் பிழை ஒன்றை உண்டாக்கிவிட்டால் யாருக்கு லாபம்?

அடுத்து, பழுதுகளை எப்படித் தரம் பிரிப்பது? தோட்டத்து லாரியில் பக்கவாட்டுச் சாயம் உரிந்திருப்பதும் குறைதான். பிரேக் பிடிக்காததும் குறைதான். இரண்டையும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பவரிடம் லாரியைக் கொடுக்கக்கூடாது. டெபியனில் பழுதுகளுக்கு ஏழு படிகள் வைத்திருக்கிறார்கள். கணினி முழுவதையும் கெடுப்பது, சேமித்த வேலையை அழிப்பது, திருடன் நுழைய வழிவிடுவது போன்றவை மேற்படிகளில் வரும். மேலே உள்ள மூன்று படிகளில் ஒரு பழுது இருந்தாலும் அந்த நிரல் வெளியீட்டில் சேரக்கூடாது. திருத்த ஆள் கிடைக்கவில்லை என்றால், அந்த ஒரு நிரலை விட்டுவிட்டு மற்றவற்றை வெளியிடுவார்கள். பழுதுப் பதிவேடு முழுவதும் உலகமே படிக்கும்படி திறந்து கிடக்கிறது. குறைகளை மறைக்கமாட்டோம் என்று 1997ஆம் ஆண்டிலேயே அவர்கள் எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது, நேயர்களே, நீங்களே அந்த வெளியீட்டுக் குழுவில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் உதவும் மென்பொருள் ஒன்று வெளியீட்டுக்கு முன் நிற்கிறது. நாளைக்கு வெளியிடுவதாக அறிவித்தாகிவிட்டது. பதிவேட்டில் நான்கு பழுதுகள் மிச்சம் இருக்கின்றன.

முதலாவது, திரையில் ஒரு படம் சற்றுக் கோணலாகத் தெரிகிறது. இரண்டாவது, மலாய் மொழிக் குறிப்பு ஒன்றில் எழுத்துப் பிழை. மூன்றாவது, கணினியில் இடம் நிறைந்திருக்கும்போது ஒரு கோப்பைச் சேமித்தால், புதியதும் சேமிக்கப்படவில்லை, பழையதும் அழிந்துவிடுகிறது. நான்காவது, அச்சிடும்போது தமிழ் எழுத்தில் ‘கொ’ என்பது உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன.

முதல் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு வெளியிடலாம். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம், யாருக்கும் நட்டமில்லை. மூன்றாவதைக் கண்டதும் நிறுத்த வேண்டும். “இடம் நிறைவது எப்போதோ ஒரு தடவைதானே நடக்கும்” என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் யாருக்கு நடக்கும் என்று பாருங்கள். புதிய கணினி வாங்க வசதி உள்ளவருக்கு இடம் நிறைவதில்லை. பழைய கணினியை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டில்தான் நிறைகிறது. எஸ்.பி.எம். மாணவியின் மூன்று மாத வேலை ஒரு நொடியில் போய்விடும். அரிதாக நடப்பது என்பதாலேயே ஒரு பழுது சிறிதாகிவிடாது. திரும்பப் பெற முடியாத இழப்பை உண்டாக்குமானால் அது பெரிய பழுதுதான்.

நான்காவதுதான் கடினமானது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு அது பழுதே இல்லை. தமிழில் கடிதம் எழுதுகிறவருக்கோ, அந்த மென்பொருளால் பயனே இல்லை. இங்கே அனுபவமுள்ளவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “போன பதிப்பிலும் இது இப்படித்தான் இருந்ததா?” இருந்தது என்றால், புதிய பதிப்பு வருவதால் தமிழ் வாசகர் புதிதாக எதையும் இழக்கவில்லை. குறிப்பில் தெளிவாக எழுதிவிட்டு வெளியிடலாம். திருத்துவதற்கு ஆள் குறிக்க வேண்டும். போன பதிப்பில் சரியாக இருந்து இப்போது கெட்டது என்றால், நம்பியிருந்தவர்களின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குகிறோம். அப்போது பொறுப்பதே நியாயம். நல்ல நிலையில் இருந்ததைக் கெடுக்கும் பழுதை, பழைய பழுதைவிடக் கடுமையாக மதிப்பது இத்துறையில் பொதுவான வழக்கம்.

ஆனால் இந்த நான்காவது பழுது பதிவேட்டில் வந்து ஏறியதே எப்படி? வெளியீட்டுக்கு முன் தமிழ் எழுதுகிற ஒருவர் சோதித்துப் பார்த்ததால்தான் ஏறியது. யாரும் பார்க்காவிட்டால் பதிவேடு சுத்தமாக இருக்கும், மென்பொருள் உடைந்திருக்கும். 2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்ததைக் கேளுங்கள். தெலுங்கு எழுத்துக் கோவை ஒன்று ஒரு செய்தியில் வந்தால், ஐபோன் கைத்தொலைபேசியின் செய்திச் செயலி நின்றுபோனது. அது திறந்த மூல மென்பொருள் அன்று. பெரும் பொருள் செலவிட்டு உருவாக்கியது. அதே மாதத்தில் திருத்தமும் வந்துவிட்டது. எனினும், கோடிக்கணக்கானோர் பேசும் ஒரு மொழியின் எழுத்தே கருவியை நிறுத்திவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் தமிழும் அப்படி எழுத்துகள் கூடிச் சேரும் மொழிதான். நம் மொழிக்காக நாம் சோதிக்காவிட்டால், யார் சோதிப்பார்கள்?

“தயார்” என்று சொன்ன பிறகு குறையே வராதா என்று நீங்கள் கேட்கலாம். வரும். டெபியன் மூன்றாம் பதிப்பு 2002ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. அடுத்ததாகிய 3.1 பதிப்பு 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பொறுத்துப் பொறுத்துச் செய்த வேலை. அதிலும் என்ன நடந்தது தெரியுமா? குறுந்தட்டிலிருந்து புதிதாக நிறுவியவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரவேண்டிய வழி, ஒரே ஒரு வரிப் பிழையால் அடைபட்டிருந்தது. கண்டதும் அறிவித்து, திருத்திய தட்டுகளை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டு காத்திருப்பும் ஒரு வரியைக் காப்பாற்றவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் இன்னொரு நட்டமும் இருந்தது. நிலையான பதிப்பை நம்பியிருந்தவர்கள் பழைய நிரல்களோடு காலம் தள்ள வேண்டியிருந்தது. புதிய கருவிகள் அவற்றோடு ஒத்துப்போகவில்லை. தாமதத்துக்கும் விலை உண்டு. அதையும் மக்கள்தான் கொடுக்கிறார்கள். டெபியனிலிருந்தே கிளைத்த உபுண்டு என்ற தொகுப்பு, 2004ஆம் ஆண்டு தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியிடுவது என்று நாள் குறித்துக்கொண்டது. அவர்களும் 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் வரவேண்டியதை, பல ஆண்டுகள் நிலைக்க வேண்டிய பதிப்பு என்பதால், ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். நாள் குறிப்பது நல்லது. அந்த நாளை மாற்றும் துணிவும் வேண்டும்.

அந்தத் துணிவுக்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆம் நாள், டெபியன் 12.3 என்ற திருத்தப் பதிப்பு வெளிவர இருந்தது. எல்லாம் ஏற்பாடாகி, நிரல்களை விநியோகக் கணினிகளிலும் வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில், அதிலுள்ள லினக்ஸ், சில சமயங்களில் சேமித்த கோப்புகளைக் கெடுக்கக்கூடும் என்று தெரியவந்தது. குழு என்ன செய்தது? நிறுவல் தட்டுகளை நிறுத்தியது. “இப்போது ஏற்றிக்கொள்ள வேண்டாம், பொறுங்கள்” என்று எல்லோருக்கும் வெளிப்படையாக அறிவித்தது. திருத்திய லினக்ஸைச் சேர்த்து, மறுநாள் 10ஆம் தேதி 12.4 என்ற எண்ணோடு வெளியிட்டது. வெட்கப்பட்டு மறைத்திருந்தால், எத்தனை பேருடைய கோப்புகள் பாழாகியிருக்கும்! நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னதால், ஒரு நாள் தாமதத்தோடு போயிற்று.

சோதனைக் கட்டங்கள் வீண் சடங்கு அல்ல என்பதற்கு 2024ஆம் ஆண்டில் நடந்தது சான்று. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் சிறு மென்பொருள் ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உதவி செய்வதுபோல் நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதற்குள் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். அது டெபியனின் முதல் இரண்டு கட்டங்களுக்குள் நுழைந்தும்விட்டது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ வேலையாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். ‘நிலையானது’ என்ற கட்டத்துக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. காத்திருந்த அந்தச் சில வாரங்கள் எண்ணற்ற கணினிகளைக் காத்தன.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது, “தயார்” என்ற சொல்லுக்குக் குறையே இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. மிச்சமுள்ள குறைகள் என்னென்ன என்று தெரிந்திருக்கிறது. அவை யாருக்கு, எவ்வளவு தீங்கு செய்யும் என்று எண்ணிப் பார்த்தாகிவிட்டது. எழுதியவர் அல்லாத பிறரும் சோதித்துவிட்டார்கள். தவறு நேர்ந்தால் திரும்பப் பெறவும் திருத்தவும் வழி இருக்கிறது. இந்த நான்கும் கூடினால் தயார். குளுவாங்கில் வண்டை விட்டவர்களுக்கு நான்காவது வழி இல்லை. அதனால் முதல் மூன்றில் அவர்கள் கூடுதலாகப் பாடுபட்டார்கள். மென்பொருளில் திருத்தம் அனுப்பலாம். ஆனால் அழிந்த கோப்பையும், களவுபோன கடவுச்சொல்லையும் எந்தத் திருத்தமும் திருப்பித் தராது.

இனி, நம் வீட்டுக்கு இதனால் என்ன பயன் என்று பார்ப்போம்.

முதலாவதாக, சோதனைப் பதிப்பு என்று பெயரிட்டு வருவதை, வீட்டில் உள்ள ஒரே கணினியிலோ, வங்கி வேலைக்குப் பயன்படும் தொலைபேசியிலோ ஏற்ற வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தால், பயன்படாமல் கிடக்கும் பழைய கணினியில் ஏற்றிப் பார்க்கட்டும்.

இரண்டாவதாக, எந்தப் புதிய பதிப்பை ஏற்றுமுன்னும் முக்கியமான கோப்புகளுக்கும் படங்களுக்கும் நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அடுப்பங்கரையில் அரிசி தீருமுன் அடுத்த மாதத்துக்கு எடுத்து வைக்கிற தாய்மார்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக, புதிய வசதிகளோடு வரும் பெரிய பதிப்பு என்றால் சில வாரம் பொறுக்கலாம், அவசரமில்லை. பாதுகாப்புத் திருத்தம் என்று வந்தால் பொறுக்கக்கூடாது. 2017ஆம் ஆண்டு மே மாதம் வானாகிரை என்ற கணினித் தொற்று உலகெங்கும் பரவி, இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் வேலையே தடைப்பட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. ஏற்றிக்கொள்ளாமல் விட்டவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள்.

நான்காவது, மிக முக்கியமானது. குறை கண்டால் சொல்லுங்கள். திறந்த மூல மென்பொருளில் பழுதைப் பதிவு செய்யப் பட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். இடைநிலைப்பள்ளி மாணவன் கூடச் செய்யலாம். ஆனால் “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. மருத்துவரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? எங்கே வலி, எப்போது தொடங்கியது என்று சொல்ல வேண்டும் அல்லவா? அதுபோலவே எந்தப் பதிப்பு, என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுத வேண்டும். மறுபடியும் செய்து பார்த்தபோது அதே பழுது வந்ததா என்பதையும் சேர்த்தால், திருத்துகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அந்த நான்கு வரியை வெளியீட்டுக்கு முன் எழுதினால் குழு நின்று யோசிக்கும். வெளியீட்டுக்குப் பின் எழுதினால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க நேரலாம். ஆகவே கணினியில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து, சனி ஞாயிறுகளில் பழைய கணினி ஒன்றில் வெளியீட்டுக்கு முன்நிற்கும் பதிப்பை ஏற்றி, தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து, சேமித்து, மறுபடி திறந்து, அச்சிட்டுப் பார்க்கட்டும். ‘கொ’ உடைகிறதா, ‘ஸ்ரீ’ சரியாக வருகிறதா, வரி முடிவில் எழுத்து பிரிகிறதா என்று பார்த்துக் குறித்து அனுப்பட்டும். ஒரு பிற்பகல் போதும். அந்தக் குறிப்பு சரியாக இருந்தால், அதனால் பயனடைகிறவர்கள் ரெங்கத்தில் மட்டுமல்ல. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பார்கள்.